புலிக்கு ஒரு வரி பாக்கி

கேளுங்க, இது நடந்ததா நடக்காததான்னு நின்னு பாக்க எனக்கு நேரமில்லை, எம்பத்தாறு பிள்ளைகளுக்குப் பன்னெண்டரை மணிக்குள்ள சோறும் சாம்பாரும் முட்டையும் ஆக்கி எறக்குதவ நான், சொர்ணம்னு சொன்னா எங்க கீழச்சுரைக்குளத்துக்குத் தெரியும், வாய்க்காரி சொர்ணம்னு சொன்னா சுத்துப்பட்டி அத்தனைக்கும் தெரியும், அதனால எனக்குத் தெரிஞ்சதை எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லுதேன், நடுவுல யாரும் அதெப்படின்னு கேக்கப்புடாது.

பாளையங்கோட்டைப் பக்கமிருந்து நவமணி டீச்சர் எங்க பள்ளிக்கூடத்துக்கு மாத்தலாகி வந்தாங்க, வந்த மறுவாரமே அஞ்சாப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வெளையாட்டு சொல்லிக் குடுத்தாங்க, மிருகத்தோட பேரை மேலயிருந்து கீழ ஒவ்வொரு எழுத்தா எழுதணுமாம், அந்தந்த எழுத்துல ஒரு வரி தொடங்கணுமாம், புள்ளி வச்ச எழுத்தை விட்டுரலாமாம், வார்த்தைக்கு முன்னால வரவே வராத எழுத்தா இருந்தா அதுக்குள்ள இருக்க உயிரெழுத்துல தொடங்கிக்கலாமாம், ஆக பசுவுக்கு ரெண்டு வரி, யானைக்கும் ரெண்டே வரி. எழுதுனதை அழிக்கப்புடாது, பெரியாளு யாரும் சொல்லிக் குடுக்கப்புடாது, இந்த ரெண்டும் பொறவு நாங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. பிள்ளைக அதுக்கு எழுத்துப்பாட்டுன்னு பேரு வச்சிச்சு.

மொதல்ல எழுதி முடிச்சது ரஹ்மத்து, தையல்கடைக்காரர் மவ. "பக்கத்து வீட்டுக்குப் போகாது, சுரைக்கொடியைத் தொடாது"ன்னு ரெண்டு வரி எழுதிப் பென்சிலைக் கீழ வச்சா, பள்ளிக்கூட கேட்டைத் தள்ளிக்கிட்டு ஒரு செவலைப் பசு உள்ள வந்துச்சு. நான் பருப்பு கழுவிக்கிட்டிருந்தேன். யாரு வீட்டுப் பசுடா இதுன்னு தெருவெல்லாம் கேட்டுப் பாத்தோம், யாரு வீட்டுதும் இல்லை, கொண்டுபோய்ச் சுரைக்கொடிக்குக் கீழ கட்டுனோம், எழுதுன மாதிரியே ஒரு இலையைத் தொடலை, பக்கத்து வீட்டுப் பக்கம் தலையைக்கூடத் திருப்பலை. பாலும் குடுக்கலை. பிள்ளை பாலைப் பத்தி எழுதலையே, அது எங்கயிருந்து குடுக்கும்? மறுநாள் யானை வந்துச்சு. "யாருக்கும் வழிவிடும், ஐந்து ரூபாய் கேட்காது"ன்னு அதை எழுதுன பயல் கோயில் யானைகிட்ட ஆசீர்வாதம் வாங்கி ஏமாந்திருப்பான் போலுக்கு. அந்த யானை எங்க பஸ் ஸ்டாப்புல நின்னு மினி பஸ்ஸுக்கும் வழிவிட்டுச்சு, கோழிக்கும் வழிவிட்டுச்சு, எறும்புக்கு வழிவிட்டு ஒரு மணிநேரம் தூக்கின காலைக் கீழ வைக்காம நின்னுச்சு.

எங்க ஊருக்காரங்க ரெண்டு நாளு வாயைப் பொளந்து பாத்தாங்க, மூணாம் நாளு அவங்கவங்க சோலியைப் பாக்கப் போயிட்டாங்க. தலைமையாசிரியர், அதான் எங்க எச்செம் சங்கரலிங்கம் சார், பிராணிகள் பதிவேடுன்னு ஒரு நோட்டைக் கோடு போட்டுத் தொறந்தாரு, பாக்க வந்த கல்வி அதிகாரி யானையை மேலயும் கீழயும் பாத்துட்டு, இதைச் சத்துணவு எண்ணிக்கையில சேக்கலையேன்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டுப் போயிட்டாரு. பொறவு பேராசை வந்துச்சு. ஒருத்தன் தன் மவளை மடியில உக்கார வச்சு, எருமைக்கு எட்டுப் படி பாலுன்னு வரி வரியாச் சொல்லிக் குடுத்து எழுத வச்சான், எருமை வரலை, சாண நாத்தம் மட்டும் வந்துச்சு, அது இன்னைக்கும் அவன் வீட்டை விட்டுப் போகலை. இன்னொருத்தன், மவன் எழுதுன ஆடு போற வாற ஆளுகளுக்கு முன்னால நடந்து தொல்லை, சள்ளை பண்ணுதுன்னு ரெண்டாவது வரியை ரப்பரால அழிச்சான். அந்த ஆட்டுக்குப் பின்பக்கமே இல்லாமப் போயிட்டுது. முன்னங்கால் ரெண்டையும் ஊனி, சாயங்காலம் வரைக்கும் தெருத்தெருவா அது கத்துன கத்தல் என் காதுல இன்னும் கெடக்கு. அன்னையிலயிருந்து ரப்பரைப் பூரா நவமணி டீச்சர் வாங்கிப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க.

இனி உலகம்மாளைச் சொல்லணும். உலகம்மாளும் அஞ்சாப்புதான், பத்து வயசு, மெலிஞ்ச பிள்ளை, பேசுனா பக்கத்துல இருக்கவுகளுக்கே கேக்காது. அவ அம்மை ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒருத்தன்கூடப் போயிட்டா, அப்பன் கேரளாவுல ரப்பர் எஸ்டேட்டுல பாலெடுக்கப் போனவன் பிள்ளையைத் தங்கச்சி சிவகாமி வீட்டுல விட்டுட்டுப் போயிட்டான். சிவகாமி கெட்டவ இல்லை, பீடித்தட்டை மடியில வச்சா உலகமே தெரியாது அவளுக்கு, பிள்ளை தின்னுச்சா தூங்குச்சான்னு பாக்க அவளுக்குக் கண்ணு ஒழியாது. பள்ளிக்கூடத்துல மத்த பிள்ளைக வரிசையா உக்காந்து தின்னும், இவ மட்டும் என் அடுப்படி வாசப்படியோரமா செவுத்தை ஒட்டி ஒத்தையில உக்காந்து தின்பா. கூட யாரும் உக்கார மாட்டாங்க. நானும் ஏன்னு கேட்டதில்லை.

ஒரு செவ்வாக்கிழமை, தட்டைத் தூக்கிக்கிட்டு ரெண்டாவது முட்டைக்கு வந்து நின்னா. அன்னைக்குச் சிலிண்டரு தீந்து போயி, வெறகுப் பொகையில கண்ணெரிஞ்சு, சாம்பாரு அடிப்பிடிச்சுக் கெடந்த நேரம். எனக்கு வந்துச்சே கோவம். "ஓடுகாலி மவளுக்கு ரெண்டு முட்டை கேக்குதோ? உங்கம்மை போகும்போது எங்க தலையில உன்னை எழுதி வச்சுட்டா போனா?"ன்னு எம்பத்தாறு பிள்ளைக்கும் கேக்குத மாதிரிக் கத்துனேன். சிரிச்சிச்சு பிள்ளைக. உலகம்மா அழலை, தட்டைக் கழுவிக் கவுத்தி வச்சுட்டு வகுப்புக்குப் போயிட்டா.

சாயங்காலம் கடைசிப் பீரியடுல கொடிக்கம்பத்துக்குக் கீழ புலி நின்னுச்சு. முழுப்புலி, வரி வரியா, கன்னுக்குட்டி ஒசரத்துக்கு மேல, வாயைக் கொஞ்சம் தொறந்தாப்புல, ஆனா ஆடலை அசையலை, கண்ணை மட்டும் சிமிட்டுச்சு. வகுப்புக்குள்ள உலகம்மா நோட்டுல பு-ன்னு எழுதி, அதுக்கு எதுக்க ஒரு வரி எழுதியிருந்தா: "புகுந்த இடத்தில் ஒருத்தியைத் தின்னும்." அதுக்குக் கீழ லி-க்குப் பதிலா இ-ன்னு ஒரு எழுத்து. அதுக்கு எதுக்க ஒண்ணுமில்லை.

டீச்சர் நயமாக் கேட்டாங்க, எச்செம் அதட்டிக் கேட்டாரு, சிவகாமி பீடித்தட்டோட ஓடியாந்து தலையில அடிச்சுக்கிட்டுக் கேட்டா, யாரைடி தின்னும், யாரைடி. பிள்ளை நோட்டை மூடி மடியில வச்சுக்கிட்டா. அழிச்சா பாதிப்புலி திரியும், ஆட்டைப் பாத்த ஊரு அதுக்குத் துணியுமா? நோட்டைப் பிடுங்கி ஒளிச்சு வைக்கவும் பயம். சரி, பாதியிலயே விட்டுட்டா அது பாட்டுக்கு நின்னுட்டுப் போகட்டும்னு நெனச்சோம், மறுநாள் காலையில பிரேயர் மணி அடிச்சதும் புலி ஒரு எட்டு எடுத்து வச்சுது. அதுக்கு மறுநாள் இன்னொரு எட்டு. வெள்ளிக்கிழமை மணியை அடிக்காமலே விட்டுப் பாத்தாரு எச்செம், ஒம்பது இருபதுக்கு அது சரியா எட்டு வச்சுட்டுத் திரும்பி அவரை ஒரு பார்வை பாத்துச்சு. சனி ஞாயிறு மட்டும் அதுக்கும் லீவு. வனத்துறைக்காரரு ஜீப்புல வந்தாரு, நாடாவைப் பிடிச்சு அளந்தாரு, இது எங்க காட்டுப் புலி இல்லை, உங்க நோட்டுப் புலி, எங்க ரிஜிஸ்டர்ல வராதுன்னு சொல்லிட்டு டீ குடிச்சுட்டுப் போயிட்டாரு.

கொடிக்கம்பத்துலயிருந்து அது போற போக்கைப் பாத்து எச்செம் சாக்பீஸால தரையில கோடு போட்டாரு. கோடு நேரா என் அடுப்படி வாசல்ல வந்து முட்டுச்சு. மொத்தம் பதினோரு எட்டு.

ஆம்பளைகளுக்கு என்ன கவலை? ஒருத்தியைன்னுதான எழுதியிருக்கு, ஒருத்தனைன்னு இல்லையேன்னு மீசையை முறுக்கிக்கிட்டுப் புலிக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தாங்க, ஒரு பய அது முதுகுல சட்டையைக் காயப்போட்டான். பொம்பளைகளுக்குத்தான் சோறு எறங்கலை. பீடி சுத்துதவ கையில பீடி நிக்கலை. ஒவ்வொருத்தியும் வாயில விரலை வச்சு யோசிச்சா, நான் இந்தப் பிள்ளையை என்ன சொன்னேன், எப்பச் சொன்னேன். பொறவு ஒவ்வொருத்தியா சிவகாமி வீட்டு வாசலுக்கு வந்தா. பலகாரத்தோட வந்தா, பாவாடைத் துணியோட வந்தா. "எம்மா உலகம்மா, கொழாயடியில உன் கொடத்தைத் தள்ளி வச்சேனே, மனசுல வச்சுக்காத"ன்னு ஒருத்தி. "எம்மவகூடச் சேரக்கூடாதுன்னு சொன்னவ நாந்தான்"னு ஒருத்தி. "கல்யாண வீட்டுல பந்தியிலயிருந்து உன்னை எந்திரிக்கச் சொன்னேன்லா"ன்னு ஒருத்தி. இன்னும் சில பேரு உள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டு வேற சொன்னாங்க, எழுதுததுதான் எழுதுத, எங்க மாமியாரை எழுது, எங்க நாத்தினாவை எழுதுன்னு. பிள்ளை எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, பலகாரத்தை அத்தைகிட்ட குடுத்துட்டு, நோட்டைப் பிரிச்சு இ-யைப் பாத்துக்கிட்டே இருந்தா. வாசல்ல நின்னு நானும் இதெல்லாம் பாத்தேன். ஒரு தெருவுக்குள்ள ஒரு பிள்ளை இவ்வளவு பேர்கிட்ட இவ்வளவு வாங்கியிருக்கேன்னு எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது.

ஆனா நான் வாயைத் தொறக்கலை. புலி யாருக்கு வருதுன்னு ஊருக்குத்தான் தெரியாது, எனக்குத் தெரியாதா? அது என் அடுப்படியைப் பாத்துல்லா வருது! ஊரெல்லாம் தெரிஞ்ச வாய்க்காரி, ஒரு பத்து வயசுப் பிள்ளைகிட்டப் போயி மன்னிச்சுக்கோன்னு கேக்கதா? வீம்பு. கேவலமான வீம்பு, இப்பச் சொல்லுதேன். கேக்காம அவ தட்டுல ரெண்டு முட்டை வச்சேன், அவ ஒண்ணை எடுத்துத் திரும்பச் சட்டியில போட்டுட்டுப் போனா. புலி ஆறாவது எட்டுக்கு வந்துச்சு, ஏழாவது எட்டுக்கு வந்துச்சு, வெங்காயம் நறுக்குத எடத்துலயிருந்து அது மூக்குல உக்காந்த ஈ தெரிஞ்சுது. ஒரு நாளு உப்பை ரெண்டு மடங்கு போட்டேன், ஒரு நாளு போடவே இல்லை. ஓடிப் போயிரலாமான்னு நெனச்சேன், எங்க ஓட, புகுந்த எடத்துலன்னுல்லா எழுதியிருக்கு, நான் எங்க இருக்கேனோ அங்க புகுந்துட்டுப் போகும்.

பத்தாவது எட்டு செவ்வாக்கிழமை வச்சுது. அது மூச்சு விட்டா என் வாசப்படித் தூசி பறக்கும், அவ்வளவு கிட்ட. மறுநாள் புதன்கிழமை எட்டரைக்கே போயிட்டேன், அடுப்பைப் பத்த வைக்கக்கூடத் தோணலை. வாசல்ல பாத்தா உலகம்மா எனக்கும் முன்னால வந்து வழக்கமா உக்காருத எடத்துல உக்காந்திருக்கா, மடியில நோட்டு, கையில பென்சில், எதுக்க புலி. எனக்குள்ள என்னவோ அத்துக்கிட்டுது. கரண்டியைக் கீழ போட்டுட்டு அவ முன்னால போயி நின்னேன்.

"ஏளா, என்னைத்தான எழுதியிருக்க? எழுதி முடி. மத்த பிள்ளைக வரதுக்கு முந்தி ஆகட்டும், அதுக பாத்தா பயந்துக்கிடும். உங்கம்மையை இழுத்துப் பேசுனது என் தப்பு. வயித்துல பசியோட வந்து நின்ன பிள்ளையை அப்படிப் பேசுன வாய் எனக்கு எதுக்கு? தப்புத்தான், தப்புத்தான், தப்புத்தான்."

அவ அண்ணாந்து பாத்தா. "உங்களை இல்ல, ஆயம்மா."

"பொறவு? உங்கத்தையவா?"

"இல்ல."

"உங்கம்மையவா?"

"அம்மை எங்க இருக்கான்னே எனக்குத் தெரியாதே."

"பொறவு யாரைத்தாம்ளா திங்க வருது அது?"

"அது எங்க வருதுன்னு பாக்கேளே, நான் எங்க உக்காந்திருக்கேன்னு பாக்கலையா?"ன்னா.

அந்தக் கோடு என் வாசல்ல முட்டலை, வாசலை ஒட்டி இருந்த பிள்ளையிலல்லா முட்டியிருக்கு. பதினஞ்சு நாளா ஊருப் பொம்பளைக அத்தனை பேரும் அவங்கவங்க உசுருக்குப் பயந்தோம், ஒருத்திக்குக்கூட இது தோணலை. அவ சாதாரணமாச் சொல்லுதா, "ரெண்டாவது வரி மனசுக்குள்ள எழுதி எழுதிப் பாத்தேன், ஆயம்மா. இனி யாருக்கும் சள்ளை இல்லைன்னு எழுதலாம்னு இருக்கேன். நல்லாருக்கா?"

சொல்லிட்டுப் பென்சிலை நோட்டுல வச்சா. பிடுங்கப்புடாது, கிழிக்கப்புடாது, இதை எழுதுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கவும் புடாது. ஒம்பது பத்து இருக்கும். பிள்ளைக ஒண்ணொண்ணா கேட்டுக்குள்ள வந்து தூரத்துலயே நிக்க ஆரம்பிச்சிட்டுக. எனக்கு வேற வழி தெரியலை, எனக்குத் தெரிஞ்ச ஒரே வழியில கத்துனேன்.

"நல்லா இல்லளா! உன்னைத் திங்க வருதே அந்தச் சவம், உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச்சா அது?"

"யாரு எங்கிட்ட கேட்டா?" அந்தப் பிள்ளை சத்தம் போட்டு நான் கேட்டது அன்னைக்குத்தான். "அம்மை போகும்போது கேட்டாளா? அப்பா அத்தை வீட்டுல விடும்போது கேட்டாரா? ஏன் ரெண்டாவது முட்டைன்னு நீங்க கேட்டேளா?"

நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். புலியோட மூக்கு என் தோளுக்கு நேரா இருந்துச்சு, அதை நான் பாக்கலை.

"எதுக்குளா ரெண்டாவது முட்டை?"

"பசிச்சுச்சு ஆயம்மா. அன்னைக்குக் காலையிலயும் திங்கலை, மொத நா ராத்திரியும் திங்கலை. வேற ஒண்ணுமில்ல."

அழுதேன். எம்பத்தாறு பிள்ளைக பாக்க மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன், அவ என்னைக் கொஞ்ச நேரம் அதிசயமாப் பாத்தா. எச்செம் மணிகிட்டப் போயி நின்னாரு, அடிக்கவா வேண்டாமான்னு அவருக்கும் கை வரலை, நவமணி டீச்சர் வெராண்டாவுல கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தாங்க. உலகம்மா குனிஞ்சா. பென்சில் போற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. எழுதி முடிச்சு, பென்சிலைக் காதுல சொருகிக்கிட்டு, நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டுனா.

"புகுந்த இடத்தில் ஒருத்தியைத் தின்னும். இருந்தாலும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் தின்னும்."

மணி ஒம்பது இருபது ஆச்சு. புலி பதினோராவது எட்டை எடுத்து வச்சுது, பதினஞ்சு நாளா சிலையாட்டம் நின்னது வாலை ஆட்டி, ஒடம்பைச் சிலுப்பி, பிள்ளைக்கு முன்னால முகத்தை எறக்கி, ரேசன் கடையில நம்ம பேரைக் கேப்பாங்களே அதே மாதிரிச் சாதாரணக் கொரலுல கேட்டுச்சு: "தின்னட்டுமா?"

அவ உடனே சொல்லலை. யோசிச்சா. அப்படி யோசிச்சதை நான் இன்னும் மன்னிக்கலை, யாரைன்னு கேட்டா எங்களைத்தான், எங்க ஊரைத்தான். பொறவு சொன்னா, "இன்னைக்கு வேண்டாம்." புலி சரின்னு போயி யானைக்குப் பக்கத்துல படுத்துக்கிடுச்சு.

வேண்டாம்னா ஒரேயடியா வேண்டாம்னு அவ எழுதலையே, அதனால அது தெனம் காலையில கேக்குது. இப்ப ஏழு மாசம் ஆச்சு. எங்க பள்ளிக்கூடத்துல கொடிப்பாட்டு அந்தப் பதிலுக்கு அப்புறந்தான். லீவு நாளுல அது சிவகாமி வீட்டு வாசலுக்கே போயிக் கேக்கும், நானும் போயி நிப்பேன், தெருவுல நாலு பேரு பீடித்தட்டைக் கீழ வச்சுட்டு வந்து நிப்பாங்க. இப்பல்லாம் அவகூட உக்காந்து தின்ன ரஹ்மத்து வாரா, இன்னும் ரெண்டு பிள்ளைக வருதுக, பெரும்பாலும் புலி கேட்டு முடிக்கதுக்குள்ளயே வேண்டாம்னு கத்திட்டு வெளையாட ஓடிருவா. பெரும்பாலும்தான். சில நாளு அப்படி இல்லை.

இன்னைக்கு அப்படி இல்லை. அப்பன் திருவிழாவுக்கு வாரேன்னு சொல்லிட்டு வரலை. புலி கேட்டுச்சு, பிள்ளை பதில் சொல்லாம தரையைப் பாத்துக்கிட்டு நின்னா, ஒரு நிமிசம் ஆச்சு, ரெண்டு நிமிசம் ஆச்சு. நான் அடுப்பை அமத்திட்டு வந்து பக்கத்துல நின்னேன். ஒண்ணும் சொல்லலை, சொல்லிக் குடுக்கப்புடாது.

அவ என்னைத் திரும்பிப் பாத்தா. "இன்னைக்கு என்ன சாப்பாடு, ஆயம்மா?"

"தக்காளிச் சோறு. உருளைக்கிழங்கு வறுவல். மொளகு போட்ட முட்டை."

கொஞ்சம் யோசிச்சா. பொறவு புலிகிட்ட, "இன்னைக்கு வேண்டாம்"னா.

நான் போயி அடுப்பைத் திரும்பப் பத்த வச்சேன். இப்ப மணி மூணு, சட்டியெல்லாம் கழுவிக் கவுத்தியாச்சு, நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு என்ன ஆக்கலாம்னு உக்காந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன்.